நீதி கேட்ட நாடகம்!

டெலிவிஷனில் நாடகமும் வருகிறது, செய்தியும் வருகிறது. இங்கிலாந்தில் ஒரு நாடகம், பல வருடங்களாகச் செய்தி சொல்லியும் நடக்காத காரியத்தை நடத்திக் காட்டியது. அது எப்படி? இதோ, அந்தக் கதை.

மாலை 7 மணி. உத்திரமேரூர் வட்டாரத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். வயலுக்குப் போனவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். தறியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பார்கள். உள்ளே டெலிவிஷன் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் நாடகம். அதில் மாமியார் மருமகளைப் பார்த்துக் கத்துகிறாள். பிறகு செய்தி. அதில் நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துகிறார்கள். நாடகத்துக்கும் பின்னால் 'டமார், டமார்' என்று வாத்தியம். செய்திக்கும் அதே வாத்தியம்!

"ஏன்டா, இது நெசமா? நாடகமா?" என்று பாட்டி கேட்கிறாள். பேரன் சிரிக்கிறான்.

பாட்டியின் கேள்வி சிரிக்கக்கூடிய கேள்வி அல்ல. டெலிவிஷன் பார்க்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி.

கூத்துப் பார்த்த ஊர்

காஞ்சீபுரம் வட்டாரத்து மக்களுக்கு நாடகம் புதிது அல்ல. இது தெருக்கூத்து வளர்ந்த பூமி. திரௌபதி அம்மன் கோவில் திருவிழா வந்தால் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து நடக்கும். விடிய விடிய மக்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். கடைசி நாளில் துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகச் செய்து கிடத்துவார்கள். அதுதான் படுகளம்.

திரௌபதியாக வேஷம் கட்டியவர் ஆண் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊர்க்காரர் என்பதும் தெரியும். ஆனாலும் அவர் அழுதால் பெண்கள் அழுகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. முகத்தில் அரிதாரம் இருக்கிறது. தலையில் கிரீடம் இருக்கிறது. 'இது வேஷம்' என்று அவையே சொல்லிவிடுகின்றன.

நடுவில் கட்டியங்காரன் வருவான். அவன் கோமாளி. ஆனால் ஊர் நடப்பை எல்லாம் அவன்தான் சொல்லுவான். ரோடு சரியில்லை என்பான். விலைவாசி ஏறிவிட்டது என்பான். ஜனங்கள் சிரிப்பார்கள், யோசிப்பார்கள். அந்தக் காலத்தில் கூத்து மேடையில் அவன்தான் செய்தி சொல்லுகிறவன்!

நாடகம் பொய் வேஷம் போட்டுக்கொண்டு உண்மையைச் சொல்லும். அந்த சக்தி கூத்துக்கு மட்டும் உரியது அல்ல. டெலிவிஷன் நாடகத்துக்கும் உண்டு. அதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள்.

முதல் டெலிவிஷன் நாடகம்

1930-ம் ஆண்டு, ஜூலை 14-ந் தேதி. லண்டன் நகரில் ஒரு சிறு அறையில் இருந்து இங்கிலாந்தின் முதல் டெலிவிஷன் நாடகம் ஒளிபரப்பானது. டெலிவிஷன் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் லோகி பேர்டு என்பவரும், பி.பி.சி. என்ற ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து அதை நடத்தின. படம் எப்படி இருந்தது தெரியுமா? வெறும் 30 கோடுகளால் ஆன படம்! ஒரு முகம் தெரிந்தாலே பெரிய காரியம்.

1936-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி முதல் பி.பி.சி. ஒழுங்காக டெலிவிஷன் நடத்தத் தொடங்கியது. அந்தக் காலத்து நாடகங்கள் பெரும்பாலும் நேரடியாகவே நடந்தன. நடிகர் வசனத்தை மறந்தால் நாடெங்கும் தெரிந்துவிடும். திருத்த முடியாது. மறு ஒளிபரப்பு வேண்டும் என்றால் நடிகர்கள் மீண்டும் வந்து முழு நாடகத்தையும் நடிக்க வேண்டும்!

1954-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி அப்படித்தான் ஒரு நாடகம் நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' என்ற நாவலை நாடகமாக்கி இருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு டெலிவிஷன் இருந்து மக்களை வேவு பார்ப்பது போன்ற கதை. பார்த்தவர்கள் நடுங்கிப் போனார்கள். பார்லிமெண்ட் வரை பேச்சு எழுந்தது. 'மறுபடி போடக் கூடாது' என்று சிலர் கூச்சலிட்டார்கள். ஆனால் 4 நாள் கழித்து நடிகர்கள் மறுபடியும் வந்தார்கள். முழு நாடகத்தையும் மறுபடியும் நடித்தார்கள்.

முகம் காட்டாத செய்தி

அதே 1954-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதிதான் பி.பி.சி. டெலிவிஷனில் தினசரி செய்தி தொடங்கியது. இப்போது கேட்டால் வேடிக்கையாக இருக்கும். செய்தி வாசிப்பவரின் முகத்தைக் காட்டவில்லை! குரல் மட்டும் கேட்கும். திரையில் படங்களும், தேசப் படங்களும் வரும்.

ஏன் முகத்தைக் காட்டவில்லை?

செய்தி வாசிப்பவர் புருவத்தை உயர்த்தினால் போதும். 'இவர் இந்தக் கட்சிக்கு ஆதரவு' என்று மக்கள் நினைத்துவிடுவார்கள். லேசாகச் சிரித்தால், 'இந்தச் செய்தியை இவர் நம்பவில்லை' என்று நினைத்துவிடுவார்கள். அப்படி நடந்துவிடக் கூடாது என்று பயந்தார்கள். 1955-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில்தான் முகம் திரைக்கு வந்தது.

நாடகக்காரர் முகத்தை வைத்துப் பிழைப்பவர். செய்திக்காரரோ முகத்தையே மறைத்துக்கொண்டார்! இரண்டு தொழிலுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய வேலி இருந்தது.

வீடில்லாத கேத்தி

1966-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி இரவு. 'கேத்தி கம் ஹோம்' என்ற நாடகத்தை பி.பி.சி. ஒளிபரப்பியது. கேத்தி என்பவள் ஓர் இளம் பெண். அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன். நல்ல குடும்பம். ஒரு நாள் கணவனுக்கு விபத்து. வேலை போகிறது. வாடகை கொடுக்க முடியவில்லை. வீடு போகிறது. வண்டி வீட்டில் குடியிருக்கிறார்கள். அதற்கும் தீ வைத்துவிடுகிறார்கள். பிறகு சர்க்கார் விடுதி. அங்கே தாய்க்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் இடம். கணவன் வெளியே! கடைசியில் ரெயில்வே ஸ்டேஷனில் கேத்தியின் குழந்தைகளை அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அவள் கதறுகிறாள்.

சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அன்று இரவு அதைப் பார்த்தார்கள்.

இதை இயக்கியவர் கென் லோச். அவர் பெரும்பாலும் அரங்கத்துக்குள் படம் பிடிக்கவில்லை. காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். நிஜமான வீதி, நிஜமான வீடுகள். அதனால் பலருக்குச் சந்தேகம் வந்தது. 'இது நாடகமா, செய்தியா?' என்று கேட்டார்கள். பாட்டியின் கேள்வியை லண்டன்காரர்கள் அன்றே கேட்டுவிட்டார்கள்!

அடுத்த மாதம் முதல் தேதி, வீடற்றவர்களுக்காக 'ஷெல்ட்டர்' என்ற தர்ம ஸ்தாபனம் தொடங்கியது. அதை முன்பே திட்டமிட்டு இருந்தார்கள். ஆனால் நாடகம் பார்த்துக் கண் கலங்கிய ஜனங்கள் கை கொடுத்தார்கள். அது வேரூன்றி வளர்ந்தது.

தபால் ஆபீஸ் வழக்கு

அது பழைய கதை. இனி வருவது இந்தக் காலத்துக் கதை.

நமது கிராமங்களில் கிளைத் தபால் ஆபீஸ் இருக்கிறது. அதை நடத்துகிறவர் ஊருக்குத் தெரிந்தவராக இருப்பார். முதியோர் பணம், சேமிப்புப் பணம் எல்லாம் அவர் கையில்தான் புழங்கும். இங்கிலாந்து கிராமங்களிலும் அப்படியே. மளிகைக் கடையின் ஒரு மூலையில் தபால் ஆபீஸ் இருக்கும். கடைக்காரரே தபால் ஆபீசையும் நடத்துவார்.

1999-ம் ஆண்டு முதல் அந்த ஆபீஸ்களில் கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. அதன் பெயர் 'ஹொரைசன்'. ஜப்பானைச் சேர்ந்த புஜித்சு கம்பெனி அதை அமைத்துக் கொடுத்தது. அதில் கோளாறு இருந்தது. பணம் சரியாக இருக்கும். ஆனால், 'ஆயிரம் பவுண்டு குறைகிறது', 'பத்தாயிரம் பவுண்டு குறைகிறது' என்று கம்ப்யூட்டர் காட்டும்.

ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி ஒரு கிராமத்துக் கடையில் தபால் ஆபீஸ் நடத்தி வந்தார். கணக்கில் பற்றாக்குறை காட்டியது. உதவி கேட்டு டெலிபோன் செய்தார். அவர்கள் சொன்னபடியே பொத்தானை அழுத்தினார். அவர் கண் முன்னாலேயே பற்றாக்குறை இரண்டு மடங்கு ஆயிற்று! சிறைக்குப் பயந்து, பொய்க் கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டார். 36 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டும்படி ஆயிற்று. ஊர் மக்கள் அவரைக் கைவிடவில்லை. அவருக்காகப் பணம் திரட்டினார்கள். கோர்ட்டுக்கும் கூட்டமாக வந்தார்கள்.

சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணின் கதை இன்னும் கொடுமை. 74 ஆயிரம் பவுண்டு திருடியதாக அவர் மீது வழக்கு. 2010-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அப்போது அவர் வயிற்றில் குழந்தை! அன்று அவருடைய மூத்த மகனுக்கு 10-வது பிறந்த நாள்!

இப்படி 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். வீட்டை விற்றவர்கள் உண்டு. ஊரை விட்டே போனவர்கள் உண்டு. அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. 'கம்ப்யூட்டர் பொய் சொல்லாது' என்று அதிகாரிகள் சாதித்தார்கள். ஒவ்வொருவரிடமும், 'உனக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை' என்றார்கள்.

4 இரவுகள்

ஆலன் பேட்ஸ் என்பவர் பணியவில்லை. அவர் வேல்ஸ் பகுதியில் கடற்கரை ஊர் ஒன்றில் தபால் ஆபீஸ் நடத்தியவர். 2003-ம் ஆண்டில் அவர் வேலை போயிற்று. தன்னைப் போல் பாதிக்கப்பட்டவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 555 பேர் கூடி வழக்குப் போட்டார்கள். 2019-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 'கம்ப்யூட்டரில் கோளாறு இருந்தது' என்றது. 2021-ம் ஆண்டில் ஜோ ஹாமில்டன், சீமா மிஸ்ரா உள்பட 39 பேரின் தண்டனை ஒரே நாளில் ரத்தாயிற்று.

ஆனால் மற்ற நூற்றுக்கணக்கானவர்கள்? அவர்கள் ஒவ்வொருவராகக் கோர்ட்டுப் படி ஏறவேண்டி இருந்தது. பலர் களைத்துப் போனார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்தது. டெலிவிஷனில் செய்தி வந்தது. மக்கள் பார்த்தார்கள், மறந்தார்கள்.

2024-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி. ஐ.டி.வி. என்ற சேனல் ஒரு நாடகத்தைத் தொடங்கியது. தொடர்ந்து 4 இரவு. பெயர்: 'மிஸ்டர் பேட்ஸும் தபால் ஆபீசும்'. எழுதியவர் க்வினெத் ஹ்யூஸ் என்ற பெண் எழுத்தாளர். ஆலன் பேட்ஸாக டோபி ஜோன்ஸ் நடித்தார்.

நாடே கொதித்து எழுந்தது! தபால் இலாகாவின் முன்னாள் தலைவிக்குக் கொடுத்த பட்டத்தைப் பறிக்க வேண்டும் என்று 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். அவரே ஜனவரி 9-ந் தேதி, 'பட்டத்தைத் திருப்பித் தருகிறேன்' என்றார். மறுநாள் பிரதமர் ரிஷி சுனக் பார்லிமெண்டில் எழுந்தார். தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யச் சட்டம் வரும் என்று அறிவித்தார். மே 24-ந் தேதி சட்டம் வந்துவிட்டது. ஆலன் பேட்ஸுக்கு அரசர் 'சர்' பட்டம் கொடுத்தார்.

செய்தி தோற்றுப் போனதா?

'அப்படியானால் நாடகம் ஜெயித்தது. செய்தி தோற்றது' என்று எண்ணலாமா? கூடாது!

இந்த விவகாரத்தை முதலில் விரிவாக வெளியிட்டது ஒரு பத்திரிகை. 'கம்ப்யூட்டர் வீக்லி' என்ற அந்தப் பத்திரிகை 2009-ம் ஆண்டிலேயே 7 பேரின் கதையை எழுதியது. பிறகு வேறு நிருபர்களும் வருடக்கணக்கில் துருவினார்கள். தஸ்தாவேஜுகளைத் தேடினார்கள். கோர்ட்டில் நாள் முழுவதும் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார்கள். அவர்கள் திரட்டிய உண்மை இல்லை என்றால் அந்த நாடகமே இல்லை.

செய்தி எண்ணிக்கையைச் சொன்னது. '900 பேர்' என்றது. நாடகம் ஒரு முகத்தைக் காட்டியது. 'இதோ, இந்த அம்மாள்' என்றது. எண்ணிக்கை புத்திக்குப் போயிற்று. முகம் நெஞ்சுக்குப் போயிற்று. செய்தி விதை, நாடகம் மழை. விதை இல்லாமல் மழை பெய்தால் களைதான் முளைக்கும்.

நமது டெலிவிஷன்

இந்தியாவில் டெலிவிஷன் 1959-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1975-ம் ஆண்டு சுதந்திர தினத்தன்று வந்தது. அந்த நாளில் தெருவுக்கு ஒரு டெலிவிஷன் இருந்தால் அதிசயம். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்'. செவ்வாய்க்கிழமை நாடகம். மேடை நாடகக் குழுக்கள் வந்து நடித்தன. செய்தி நேரம் வந்தால் ஒருவர் உட்கார்ந்து நிதானமாக வாசிப்பார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அது சர்க்கார் டெலிவிஷன். சர்க்காருக்குப் பிடிக்காததை அதில் கேட்பது அரிது. அது ஒரு குறைதான்.

1993-ம் ஆண்டில் சன் டி.வி. வந்தது. தொடர்ந்து பல சேனல்கள் வந்தன. 2006-ம் ஆண்டு முதல் 2011-ம் ஆண்டு வரை தமிழ்நாடு அரசு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுத்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பெற்றன. குடிசையிலும் டெலிவிஷன் வந்தது. நல்ல காரியம்தான். உலகம் வீட்டுக்குள் வந்தது.

பிறகு 24 மணி நேரச் செய்தி வந்தது. ஒரு நாளைக்கு 24 மணி நேரமும் பெரிய செய்தி இருக்குமா? இருக்காது. அதனால் சின்னச் செய்தியைப் பெரிதாக்குகிறார்கள். வாத்தியம் சேர்க்கிறார்கள். நடக்காத காட்சியை நடித்துக் காட்டி, மூலையில் பொடி எழுத்தில் 'சித்தரிக்கப்பட்டது' என்று போடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவர் அதைப் படிப்பதற்குள் காட்சி மறைந்துவிடுகிறது! போதாக்குறைக்கு, கம்ப்யூட்டரே தயாரித்த பொய்ப் படங்களும் கைப்பேசியில் சுற்றுகின்றன. செத்துப் போனவர் பேசுகிறார். பேசாதவர் பேசியதாகக் காட்டுகிறது.

நாடகம் வேஷம் போட்டால் அது கலை. செய்தி வேஷம் போட்டால் அது மோசடி.

5 விரலையும் விரித்து...

செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும்? இதற்கு உத்திரமேரூர்க்காரர்கள் லண்டனுக்குப் போக வேண்டியது இல்லை. ஊர் நடுவில் வைகுண்டப் பெருமாள் கோவில் இருக்கிறது. அதன் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. 1,100 வருடம் ஆகிறது. குடவோலைத் தேர்தல் பற்றிய புகழ் பெற்ற கல்வெட்டு அது. 2020-ம் ஆண்டு டெல்லியில் புதிய பார்லிமெண்ட் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, தன் பேச்சில் அதைக் குறிப்பிட்டார்.

தேர்தல் எப்படி நடந்தது என்று அந்தக் கல்வெட்டு சொல்லுகிறது. ஊரில் 30 குடும்புகள். தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். குடத்தைச் சபையார் எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை மத்தியஸ்தர் வாங்குவார். எப்படி வாங்க வேண்டும்? 5 விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்! கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். பிறகு உரக்க வாசிக்க வேண்டும். அதோடு முடியவில்லை. அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை மறுபடி வாசிக்க வேண்டும்.

அந்தச் சபையில் பெண்களுக்கு இடம் இல்லை. நிலம் இல்லாதவர்களுக்கும் இடம் இல்லை. அது அந்தக் காலத்தின் குறை. ஆனால் ஓலை வாசித்த முறையில் குறை சொல்ல முடியாது. அதில் மூன்று பாடம் இருக்கிறது. கையை விரித்துக் காட்டு. உள்ளதை உள்ளபடி வாசி. இன்னொருவர் சரிபார்க்கட்டும். நல்ல செய்திக்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டுமா?

இன்னொன்றும் அந்தக் கல்வெட்டில் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி அந்தப் பதவிக்கு வர முடியாது. இங்கிலாந்தில் தபால்காரர்களிடம் கணக்குக் கேட்டவர்கள், தங்கள் கம்ப்யூட்டரின் கணக்கைக் காட்ட மறுத்தார்கள். அதனால்தான் அத்தனை குடும்பங்கள் அழிந்தன.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெரிய படிப்பு வேண்டியது இல்லை. சில சிறு பழக்கங்கள் போதும்.

செய்தியைப் பார்க்கும்போது, 'யார் சொன்னது? எங்கே நடந்தது? எப்போது நடந்தது?' என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அது செய்தி அல்ல, வதந்தி.

மயிர்க்கூச்செடுக்கும் வாத்தியம் கேட்டால் ஒரு நிமிடம் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். வாத்தியம் போன பிறகும் செய்தி மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

ஒரு சேனலில் கேட்டதை இன்னொரு சேனலிலோ, காலைப் பத்திரிகையிலோ சரிபாருங்கள். நம்பிமார் எல்லோரும் ஓலையை வாசித்தது போல!

செய்தி பொய் என்று தெரிந்தால் சும்மா இருக்க வேண்டாம். 2021-ம் ஆண்டில் திருத்திய விதிப்படி, பார்க்கிறவர் யாரும் சேனலுக்குப் புகார் எழுதலாம். 15 நாளில் சேனல் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சேனல்களின் கண்காணிப்பு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம்.

நல்ல நாடகம் வந்தால் குடும்பத்தோடு பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அதில் வெட்கம் இல்லை. ஊரார் கண்ணீர்தான் ஒரு நாட்டுப் பார்லிமெண்டையே அசைத்தது. ஆனால் கண்ணீரைத் துடைத்துக்கொண்ட பிறகு, 'இப்படி நம் ஊரில் யாருக்காவது நடக்கிறதா?' என்று கேளுங்கள்.

ஜோ ஹாமில்டனின் ஊர்க்காரர்கள் டெலிவிஷன் நாடகம் வரும் வரை காத்திருக்கவில்லை. 'இவர் திருடி இருக்க மாட்டார். எங்களுக்கு இவரைத் தெரியும்' என்று அன்றே அவர் பக்கம் நின்றார்கள். கம்ப்யூட்டர் பொய் சொன்னது. அதிகாரிகள் பொய் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் உண்மையைக் கண்டுகொண்டார்கள்.